பிரகடனம் பத்து நாள் பொறுக்கட்டும்

பிராக்வெல் கிராமம், நார்தாம்ப்டன் பக்கம்,
1647, மே 27, வியாழன்.

வெஸ்ட்மின்ஸ்டரில் நாடாளுமன்றக் குழுவின் எழுத்தராக வீற்றிருப்பவரும், என் மனைவி ஹெஸ்டரின் ஒரே அண்ணனும், எங்கள் வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் "எங்க அண்ணன் கால் தூசிக்கு வருவீங்களா" என்று எனக்கு உதாரணம் காட்டப்படுகிறவருமான மகா கனம் பொருந்திய மைத்துனர் ஜெர்வேஸ் டெபட் அவர்களின் சமுகத்துக்கு, தோல் பதனிடுவோனும் ஊர்க்கோயில் காரியஸ்தனுமாகிய ஒபதையா டன்க்லி அநேக வணக்கங்களுடன் எழுதிக்கொண்டது.

இவ்விடம் நானும், ஹெஸ்டரும், மகள் ப்ரூடன்ஸும், இரண்டு பசுக்களும் கர்த்தர் கிருபையால் க்ஷேமம். அவ்விடம் தங்கள் க்ஷேமத்துக்கும் தங்கள் வீட்டம்மாவின் பல்வலிக்கும் எழுதவும். க்ஷேமம் என்று எழுதினேனே, அது வழக்கத்துக்காக எழுதியது. உண்மையில் க்ஷேமமாக இருப்பவை பசுக்கள் மட்டும்தான்.

தங்கள் போன கடிதம் கண்டு நான் அடைந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. அரசர் தம் கையால் தொட்டால் நோய் தீரும் என்று ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போவது வெறும் மூடநம்பிக்கை என்று ஒரு பிரகடனம் எழுதச் சொல்லி நாடாளுமன்றம் தங்கள் குழுவுக்கு உத்தரவு போட்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். நல்லாயிருப்பீர்கள்! ஐந்து வருஷமாக இதைத்தானே நான் சத்திரத்தில் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருக்கிறேன்? போரில் தோற்ற அரசரை நாடாளுமன்றம் சிறைப்பிடித்து வைத்திருக்கும் மாளிகை எங்கள் ஊரிலிருந்து ஏழே மைல் என்பதால், நேரில் பார்த்தவன் என்ற முறையில் நான் மார்ச் மாதம் தங்களுக்கு எழுதியனுப்பிய பதினோரு பக்கங்களையும் தாங்கள் அப்படியே சேர்த்துக்கொள்ளலாம். அரசர் கையிலும் ஐந்து விரல்தான், என் கையிலும் ஐந்து விரல்தான் என்ற இடத்தில் ஒரு வார்த்தைகூடக் குறைக்க வேண்டாம். கடவுளே அவரை நியமித்தார், அவரை யாரும் கேள்வி கேட்கக்கூடாது என்கிறவர்களுக்கு நான் கொடுத்திருக்கும் சூட்டையும் ஆறவிட வேண்டாம். இன்னும் காரமாக வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன். ஒரே ஒரு விண்ணப்பம்தான். இந்தக் கடிதம் தங்கள் கைக்கு வந்த பிறகு பத்து நாள் கழித்து அந்தப் பிரகடனத்தை வெளியிடுங்கள். தங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

ஏன் என்று கேட்பீர்கள். ஈஸ்டர் கழிந்த வாரம் ப்ரூடன்ஸின் கழுத்தில், இடது காதுக்குக் கீழே, ஒரு சின்ன வீக்கம் கண்டது. கொசு கடித்திருக்கும் என்றேன். ஒரு வாரத்தில் அது புறா முட்டை அளவுக்கு வந்துவிட்டது. வைத்தியன் வந்து அமுக்கிப் பார்த்துவிட்டு, கண்டமாலை என்றான். தங்களுக்குத்தான் தெரியுமே, நம் நாட்டில் அந்த நோய்க்கு 'அரசனின் நோய்' என்றே பெயர். நோய்க்குப் பெயர் வைத்தவன் மருந்தையும் சேர்த்தே பெயரில் வைத்துத் தொலைத்துவிட்டான். வைத்தியன் வாசலைத் தாண்டுவதற்குள் செய்தி ஊரைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, மில்லுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

மில் என்றால் நம் ப்ரூடன்ஸுக்கு நிச்சயித்திருக்கும் ரால்ஃபின் வீடு. ஜூன் பத்தாம் தேதி கல்யாணம். ரால்ஃப் நல்ல பையன். அவனுடைய அம்மா டொரதி ஃபாக்ஸ்டன் அப்படியில்லை. மறுநாளே அந்த அம்மாள் துணி மூடிய பெரிய புறாக்கறி அப்பத்துடன் எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்கார்ந்தாள். ப்ரூடன்ஸைக் கூப்பிட்டாள். கழுத்துத் துணியை விலக்கிப் பார்த்தாள்.

"சம்பந்தி, கோவிச்சுக்காதீங்க," என்றாள். "ராஜா ஏழு மைல்ல இருக்காரு. போர் இல்ல, வேட்டை இல்ல, சும்மாத்தான் உக்காந்திருக்காரு. ஒரு எட்டு கூட்டிட்டுப் போயி தொட வெச்சுட்டு வந்துருங்க. அப்புறம் கல்யாணத்த வெச்சுக்கலாம்."

"அம்மா, அந்த மனுஷன் கையில என்ன தேனா வடியுது?" என்று கேட்டேன்.

"தேன் வடியுதோ என்னமோ, உங்க கையில மாதிரி தோல் நாத்தம் வடியாது. தொடலைன்னா கல்யாணம் இல்ல. எம் பேரப் புள்ளைங்களுக்குக் கழுத்து வேணும்."

போகும்போது கொண்டுவந்த அப்பத்தையும் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள், மச்சான். மேஜையில் அதன் வாசனை மட்டும் இருந்தது. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, அவள் விளையாடவில்லை என்று.

அன்றைக்கு ஹெஸ்டர் என்னிடம் பேசிய பேச்சைத் தாங்கள் கேட்டிருக்க வேண்டும். "ஊரத் திருத்துனீங்க, கோயிலத் திருத்துனீங்க, ராஜாவத் திருத்துனீங்க. இப்ப எம் பொண்ணு கழுத்தத் திருத்துங்க பார்ப்போம்!" என்றாள். நான் கொள்கை என்று ஆரம்பித்தேன். "கொள்கைய நீங்களே கட்டிக்கங்க, ரால்ஃப அவ கட்டிக்கட்டும்," என்றாள். ப்ரூடன்ஸ் நிதானமான பெண். "அப்பா, நான் அவரக் கும்புடப் போகல. கழுத்தக் காட்டப் போறேன். காட்டிட்டு வந்துர்றேன்," என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் மத்தியானம் தோல் ஊறப்போட்டிருக்கும் கொட்டகைப் பக்கம் போனேன். அங்கே, யாரும் மூக்கைப் பிடிக்காமல் நிற்க முடியாத அந்த இடத்தில், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று அழுதுகொண்டிருந்தாள். அந்த நிமிஷமே போவது என்று முடிவு செய்துவிட்டேன். நான் அரசரை நம்பிப் போகவில்லை. சம்பந்தியை நம்பித்தான் போகிறேன். இந்த வித்தியாசத்தைத் தங்கள் குழு புரிந்துகொள்ள வேண்டும்.

போவதென்றால் சும்மா போய்விட முடியுமா? சான்றிதழ் வேண்டும். இவளுக்கு வந்திருப்பது உண்மையிலேயே அந்த நோய்தான், இதற்கு முன் அரசர் இவளைத் தொட்டதில்லை என்று ஊர்க் கோயிலின் ஐயரும் காரியஸ்தரும் கையெழுத்துப் போட வேண்டும். காரியஸ்தன் நான். ஆகவே அரசரின் கைக்கு எந்தச் சக்தியும் கிடையாது என்று பதினோரு பக்கம் எழுதிய அதே கையால், அதே மையைத் தொட்டு, அரசர் தயவுசெய்து என் மகளைத் தொட வேண்டும் என்று எழுதினேன். எழுத்து நன்றாகவே வந்தது. மீதி ஐயரின் கையெழுத்து. புதுப் போதகரிடம் கேட்க முடியாது. மூன்று மணி நேரப் பிரசங்கத்தில் இரண்டு மணி நேரம் அரசரைத் திட்டுகிறவர் அவர். அவரைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தவனும் நான்தான். மீதியிருப்பது பழைய ஐயர் அம்ப்ரோஸ் லாவல். நினைவிருக்கிறதா? 'அரசர் கடவுள் ஒருவருக்கே பதில் சொல்லக் கடமைப்பட்டவர்' என்று பிரசங்கம் செய்தார் என்று ஆறு குற்றச்சாட்டு எழுதி, நாலு வருஷத்துக்கு முன் நானே முன்னால் நின்று கோயிலை விட்டு விரட்டினேனே, அவரேதான். இப்போது ஒரு விதவையம்மாவின் ஆப்பிள் தோட்டத்தில் தேனீ வளர்த்துக்கொண்டிருக்கிறார்.

தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். தேன்கூட்டுக் கூடையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வாரும் காரியஸ்தரே. ஏழாவது குத்தம் என்ன? ஈ எதுவும் நாடாளுமன்றத்தக் கொட்டிடுச்சா?"

"ஐயரே, ஒரு கையெழுத்து வேணும்."

"எங்கிட்டயா? நான் ஐயரே இல்லன்னு எழுதி, கோயில் கதவுல ஆணி அடிச்சு மாட்டுனது யாரு? நல்லா நாலு ஆணி!"

"அது நாட்டுக்காக. இது மகளுக்காக."

அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சான்றிதழை வாங்கிப் படித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! நாலு வருஷமாக உபவாசம் இருந்தவனுக்குப் பண்டிகைச் சாப்பாடு வந்த மாதிரி இருந்தது. பிறகு என்னைத் தேன்கூட்டின் பக்கத்தில் நிறுத்தி வைத்து உபதேசம் செய்தார். "பாரும். இத்தனூண்டு ஈ. இதுக்குக்கூட ஒரு ராஜா உண்டு. அது உக்காந்த இடத்துலதான் மத்த ஈ எல்லாம் உக்காரும். நாடாளுமன்றம் வெச்சு நடத்துற தேன்கூடு ஒண்ணக் காட்டும், இப்பவே உம்ம காலுல விழறேன்." எனக்கு வாய் துறுதுறுத்தது. கழுத்தை நினைத்து அடக்கிக்கொண்டேன். கடைசியில் கையெழுத்துப் போடுகிறேன், ஒரு நிபந்தனை என்றார். எந்த வாக்கியத்துக்காக அவரை விரட்டினேனோ, அந்த வாக்கியத்தை நான் என் வாயால் சொல்ல வேண்டுமாம்.

சொன்னேன். முணுமுணுத்தேன் என்பதே சரி.

"கேக்கல. ஈ சத்தம்."

மறுபடி சொன்னேன்.

"மனுஷனுக்குச் சொல்ற மாதிரி சொல்லும்யா. எம் மேல குத்தம் சொல்லும்போது கோயிலே அதிர்ந்துச்சே!"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அரசர் கடவுள் ஒருவருக்கே பதில் சொல்லக் கடமைப்பட்டவர்! போதுமா?" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் பார்க்கிறேன், வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கறுப்புத் தொப்பி நின்றுகொண்டிருக்கிறது. நம் புதுப் போதகர். தொப்பி மெதுவாக வேலியோரமாகவே நகர்ந்து போய்விட்டது. லாவல் ஐயர் மட்டும் வெகு திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். புறப்படும்போது ஒரு சின்ன மண்ஜாடியில் தேனும் கொடுத்தார். "ராஜா தொடுற வரைக்கும் படுக்கும்போது இதத் தடவித் துணி கட்டச் சொல்லும். நல்ல பொண்ணு. அப்பன் வாய் அதுக்கு வரல," என்றார்.

போன வெள்ளிக்கிழமை ப்ரூடன்ஸைக் கூட்டிக்கொண்டு மாளிகைக்குப் போனேன். மச்சான், அந்தக் கூட்டத்தைத் தாங்கள் பார்த்தால் பிரகடனத்தை அச்சடிக்கும் காகிதம் வீண் என்றே நினைப்பீர்கள். இடுப்பில் பிள்ளை, முதுகில் கிழவி, கையில் ரொட்டி மூட்டை. வரி கட்ட மாட்டேன் என்று அரசரின் ஆளை அன்றைக்கு மண்வெட்டியால் துரத்தினவன் எனக்கு முன்னால் நிற்கிறான். "நீயுமா?" என்றேன். "வரி வேற, வலி வேற," என்றான். முன்பெல்லாம் அரசர் தொட்டுவிட்டு வெள்ளை நாடாவில் தங்கக் காசு கோத்துக் கழுத்தில் போடுவார். இப்போது கைதியாயிற்றே, நாடாவை நாமே கொண்டுபோக வேண்டுமாம். இன்னொரு வேடிக்கை. வரிசையில் நிற்கிற ஒவ்வொருவனும் நிமிஷத்துக்கொரு தரம் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்கிறான். நோயாளியைக் கூட்டிவந்தவனும் தடவுகிறான். காவலுக்கு நிற்கிற நம் நாடாளுமன்றச் சிப்பாயும் தடவுகிறான். மூடநம்பிக்கை எப்படித் தொற்றுகிறது பாருங்கள்! நான் தடவவில்லை. சட்டைக் காலர் இறுக்கமாக இருந்ததால் இரண்டு முறை தளர்த்திக்கொண்டேன், அவ்வளவுதான்.

நாலு மணி நேரம் நின்று வாசலுக்கு வந்தோம். சிப்பாய் சான்றிதழை வாங்கினான். படித்தான். கூட நின்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான். இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என்ன ஆயிற்று என்றால், போர் ஆரம்பித்த நாளிலிருந்து ஊர்க் காகிதங்களையெல்லாம் இரண்டு பேர் பெயரிலும் எழுதி எழுதிப் பழகிய கை. தலைப்பில் என்னையறியாமல் வழக்கம்போல 'அரசரின் பெயராலும் நாடாளுமன்றத்தின் பெயராலும், இருவரும் இப்பெண்ணைத் தொட்டுக் குணமாக்க' என்று எழுதிவிட்டிருக்கிறேன். லாவல் ஐயருக்கு வெற்றி மயக்கம், அவரும் கவனிக்கவில்லை.

"பெரியவரே, ராஜா தொடுவாரு. நாடாளுமன்றமும் தொடணுமா?" என்றான் சிப்பாய். "அவங்க எத்தன பேரு? நானூறு ஐந்நூறு பேரு இருப்பாங்களே. பொண்ணு கழுத்து தாங்குமாய்யா?"

இன்னொருவன், "முதல்ல நம்ம சம்பளத்தத் தொட்டுக் குடுக்கச் சொல்லு," என்றான். வரிசையே சிரித்தது. ப்ரூடன்ஸும் சிரித்துவிட்டாள். புதுச் சான்றிதழுடன் இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை, ஜூன் நாலாம் தேதி வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாடாளுமன்றத்துக்காக இத்தனை பாடுபட்ட என்னை நாடாளுமன்றத்தின் பெயரே வாசலில் தடுத்து நிறுத்திவிட்டது. லாவல் ஐயரிடம் மறுபடி போனேன். நல்ல வேளை, புதுக் காகிதத்தில் ஒன்றும் சொல்லச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். சிரித்துச் சிரித்து அவரால் பேச முடியவில்லை.

இது போதாதென்று நேற்றைக்கு நாடாளுமன்றத்தின் ஜில்லாக் குழுவிலிருந்து ஓலை வந்திருக்கிறது. புதுப் போதகர் தொப்பியோடு நேரே அங்கேதான் போயிருக்கிறார். 'அரசரின் பெயராலும் நாடாளுமன்றத்தின் பெயராலும், ஒபதையா டன்க்லியாகிய நீர் அரசருக்கு ஆதரவாகப் பேசிய குற்றத்துக்காக நேரில் வந்து பதில் சொல்லும்படி கட்டளையிடுகிறோம்' என்று எழுதியிருக்கிறது. ஐந்து வருஷம் நானே இப்படி எத்தனையோ பேருக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். அப்போதெல்லாம் இதில் எந்தக் குழப்பமும் தெரிந்ததில்லை. நமக்கே வந்து, நாலு தரம் படித்துப் பார்க்கும்போதுதான், அரசரின் பெயரால் அரசரை ஆதரிக்காதே என்றால் மனிதன் எங்கே போய் நிற்பது என்று தலை சுற்றுகிறது. ஹெஸ்டரிடம் வாசித்துக் காட்டினேன். "யார் பேரால வந்தா என்ன, போயி மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க," என்று மாவு பிசைய ஆரம்பித்துவிட்டாள்.

ஆகவே, மைத்துனரே, நிலைமை இதுதான். ஜூன் நாலு அரசர் தொடுவார். ஜூன் பத்து கல்யாணம். இடையில் தங்கள் பிரகடனம் வந்தால் மாளிகையின் கதவைச் சாத்திவிடுவார்கள், சம்பந்தியம்மா தன் வீட்டுக் கதவைச் சாத்திவிடுவாள், என் பெண் தோல் கொட்டகையில் நின்று அழுவாள். அதை என்னால் இன்னொரு தரம் பார்க்க முடியாது. தங்கள் குழுவில் ஒரு காற்புள்ளிக்கு ஒரு வாரம் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். நாலு காற்புள்ளியை வேண்டுமென்றே தப்பாகப் போட்டு வையுங்கள், வேலை முடிந்தது. ஜூன் பதினொன்றாம் தேதி தாராளமாக வெளியிடுங்கள். சந்தைக் கம்பத்தில் நானே ஒட்டுகிறேன். முடிந்தால் ஜில்லாக் குழுவுக்கும் ஒரு வார்த்தை எழுதி, டன்க்லி கத்தியது தேனீயைப் பார்த்துத்தான் என்று தெரிவிக்கவும்.

கர்த்தர் தங்களையும், தங்கள் வீட்டம்மாவின் மிச்சமிருக்கும் பற்களையும், நாடாளுமன்றத்தையும், ஜூன் நாலாம் தேதி வெள்ளிக்கிழமை வரை அரசரின் வலது கையையும் எந்தக் குறையுமில்லாமல் காத்தருள்வாராக.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள தங்கை புருஷன்,
ஒபதையா டன்க்லி

பின்குறிப்பு, மே 30, ஞாயிறு: கடிதம் கொண்டுபோகிறவனின் வண்டிச் சக்கரம் உடைந்து கடிதம் இன்னும் என் கையிலேயே இருக்கிறது. அதுவும் கர்த்தர் செயல். மச்சான், வீக்கம் போய்விட்டது! இன்று காலை ஹெஸ்டர் துணியை அவிழ்த்துப் பார்த்தால் கழுத்து வழுவழுவென்று இருக்கிறது. ப்ரூடன்ஸ் கண்ணாடியை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை. அரசர் தொடவில்லை, ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. வெறும் தேன்! லாவல் ஐயரோ, அது ராஜா உள்ள கூட்டில் விளைந்த தேன், அதனால்தான் என்கிறார். சம்பந்தியம்மா வந்து மூன்று தரம் அமுக்கிப் பார்த்துவிட்டு, "ராஜா இருக்கிற வாசல் வரைக்கும் போயிருக்காள்ல, அந்தக் காத்துப் பட்டதே போதும்," என்று தீர்ப்புச் சொல்லி, கல்யாணத்தை உறுதி செய்து, இந்த முறை அப்பத்தை வைத்துவிட்டே போனாள். பேசட்டும். உண்மை நம் பக்கம். ஆகவே மேலே நான் கேட்டதையெல்லாம் மறந்துவிட்டுப் பிரகடனத்தை இன்றைக்கே, இந்த நிமிஷமே வெளியிடுங்கள். என் மகளின் கழுத்தைப் பன்னிரண்டாம் பக்கமாகச் சேருங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் தேசத் துரோகம். மாளிகைக் கதவுக்கு வெளியிலிருந்து பூட்டுப் போடச் சொல்லுங்கள்.

இன்னொரு பின்குறிப்பு, மே 31, திங்கள்: வண்டி வாசலில் நிற்கிறது, அவசரம். இன்று காலை முகம் மழிக்கும்போது கவனித்தேன், என் இடது தாடைக்குக் கீழே பட்டாணி அளவில் ஏதோ ஒன்று கையில் தட்டுப்படுகிறது. கொசுவாகத்தான் இருக்கும். தேன் ஜாடியைச் சம்பந்தியம்மா கல்யாணக் கேக்குக்கு என்று எடுத்துப் போய்விட்டாள். லாவல் ஐயரிடம் இன்னொரு ஜாடி கேட்டேன், அந்த வாக்கியத்தை இந்தத் தடவை கோயிலுக்குள் நின்று சொன்னால் தருவாராம். பூட்டு வேண்டாம். புதுச் சான்றிதழ் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, பெயரை மட்டும் சுரண்டி மாற்றிக்கொண்டேன். தலைப்பில் நாடாளுமன்றத்தை விட்டுவிட்டேன், தாங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வெள்ளிக்கிழமை விடிவதற்குள் வரிசையில் இருப்பேன். பிரகடனம் பத்து நாள் பொறுக்கட்டும்.